ஆச்சி வீட்டு அடுப்படிக்கு ஒரு சர்வர்: என்னென்ன கெட்டது, எப்படிச் சரியானது

காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு பழைய வீட்டில் ஓர் ஆச்சி பலகாரம் போட்டு விற்கிறார். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம் எல்லாம் உண்டு, கல்யாணச் சீர் என்றால் மொத்தமாகவும் போடுவார்கள். ஆர்டர் எடுப்பது முகப்பில். ஆச்சியின் மகன் போனில் பேசிக்கொண்டே நோட்டில் எழுதுவார், அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பலகாரம் போடுவது மூன்றாங்கட்டில், அடுப்படியில். நடுவில் வளவு, அதைத் தாண்டி இரண்டாங்கட்டு. வாசல் ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில், அப்படி ஒரு நீளம். நோட்டைத் தூக்கிக்கொண்டு யாராவது நாள் முழுக்க இந்த நீளத்தை நடந்துகொண்டே இருந்தார்கள்.

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். விண்டோஸ் போடுவது, பிரிண்டர் பார்ப்பது, கேமரா மாட்டுவது, இவ்வளவுதான் என் தொழில். பைதான் என்ற புரோகிராம் மொழி கொஞ்சம் தெரியும். ஆவணி மாதம் ரவுட்டர் பார்க்கப் போன இடத்தில், "அண்ணன் முகப்பில் தட்டினா அடுப்படியில தெரியுற மாதிரி ஒண்ணு பண்ணிடலாம்" என்று வாயை விட்டேன். ஆச்சி உடனே, "தீபாவளிக்கு முன்னாடி முடியுமா தம்பி?" என்றார்.

இதற்கு ரெடிமேடாகவே நிறைய இருக்கிறது, ஒரு ஷீட்டைப் பகிர்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த வீட்டில் இன்டர்நெட் அடிக்கடி போகும், வெளியே இணைப்பு இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் ஓட வேண்டும். அப்புறம் உண்மையான காரணம், இத்தனை வருஷம் அடுத்தவர்கள் சர்வரை, அதாவது கேட்பவருக்குப் பக்கத்தை அனுப்பிக்கொடுக்கும் மெஷினை, ரீஸ்டார்ட் மட்டும் செய்துவிட்டு வந்திருக்கிறேன், அதற்குள் என்ன நடக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அதனால் ஃபிரேம்வொர்க் என்கிற ரெடிமேட் சட்டகம் எதுவும் வேண்டாம், இரண்டு மெஷின் பேசிக்கொள்ளும் வெறும் சாக்கெட்டை வைத்தே எழுதுவது என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். கடையில் கிடந்த ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன். அதுதான் சர்வர். முகப்பில், ரவுட்டருக்குப் பக்கத்தில்.

முதல் கோளாறு சர்வர் ஆரம்பித்த உடனே. லேப்டாப்பில் திறந்தால் பக்கம் வருகிறது, போனில் திறந்தால் வரவில்லை. ரவுட்டரைச் சந்தேகப்பட்டு ஒரு மணி நேரம் போனது. கடைசியில் பார்த்தால் சர்வரை 127.0.0.1 என்ற முகவரியில் உட்கார வைத்திருக்கிறேன். அது அந்த மெஷின் தனக்குத்தானே பேசிக்கொள்கிற முகவரி, வெளியே இருந்து யார் தட்டினாலும் அதற்குக் கேட்காது. 0.0.0.0 என்று மாற்றினதும் சரி. அதற்குப் பிறகு ரவுட்டரில் அந்த லேப்டாப்புக்கு 192.168.1.20 என்று நிரந்தரமாக ஒரு எண் கொடுத்து, போர்ட் 8000-இல், அதாவது அந்த முகவரியின் 8000-ஆம் எண் கதவில், ஓடவிட்டேன். 80-இல் ஓடவிட்டால் முகவரியில் போர்ட் எண்ணைத் தட்ட வேண்டியிருக்காது, ஆனால் லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளை சாதாரண யூசர் எடுக்க முடியாது, அதை அப்போதைக்கு விட்டுவிட்டேன்.

சரி, பிரவுசர் என்னதான் அனுப்புகிறது என்று வந்ததை அப்படியே திரையில் அச்சடித்துப் பார்த்தேன். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த நிமிஷம் அது. வருவது வெறும் எழுத்து. இப்படி:

கெட் /பட்டியல் எச்டிடிபி/1.1
ஹோஸ்ட்: 192.168.1.20:8000

கெட் என்றால் இந்தப் பக்கத்தைக் கொடு என்பது, எச்டிடிபி என்பது பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை. இந்த இரண்டு வரிக்குக் கீழே எந்த பிரவுசர், எந்த மொழி வேண்டும் என்று சில வரிகள், கடைசியில் ஒரு காலி வரி. நாம் திருப்பி அனுப்ப வேண்டியதும் அதே ஜாடைதான்:

எச்டிடிபி/1.1 200 ஓகே
கன்டென்ட்-டைப்: டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்

அப்புறம் ஒரு காலி வரி, அப்புறம் பக்கம். அவ்வளவுதான், கடிதம் மாதிரி. அந்தக் காலி வரிதான் மேலே உள்ள விவரம் முடிந்தது, இனிமேல் சரக்கு என்பதற்கு அடையாளம். நான் அதை மறந்துவிட்டேன், பக்கம் வெள்ளையாக நின்றது. அனுப்பின பக்கம் முழுவதையும் ஹெடர், அதாவது மேலே உள்ள விவர வரி, என்று பிரவுசர் நினைத்து விழுங்கிவிட்டிருக்கிறது. இன்னொன்று, இந்த வரிகள் முடிகிற இடத்தில் 13, 10 என்று இரண்டு பைட் வர வேண்டும், லினக்ஸ் பழக்கத்தில் 10 மட்டும் போட்டால் சில பிரவுசர் பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்கிறதே என்று விடாதீர்கள்.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் வைத்திருந்த எச்டிடிபியின் முதல் வடிவத்தில் இந்த ஹெடர், 200, 404 மாதிரியான நிலை எண் எதுவுமே கிடையாது. கெட் என்று ஒரே ஒரு வரி கேட்பீர்கள், பக்கம் வரும், இணைப்பு அறுந்துபோகும், அறுந்தால் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். ஹெடரும் நிலை எண்ணும் ஓர் ஆவணமாக எழுதி வைக்கப்பட்டது 1996-இல், 1.0 என்ற பெயரில். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் முதல் சர்வரும் கிட்டத்தட்ட அந்த 1991 வகைதான். நிலை வரி, ஒரு ஹெடர், பக்கம், மூடிவிடு. நீளம் எதுவும் சொல்லவில்லை, மூடினால் முடிந்தது. அது நன்றாகவே ஓடியது. ஒழுங்காகச் செய்யப் போய்த்தான் கெட்டது.

முதலில் ஒரு சின்னக் கோளாறு. அடுப்படியில் மாட்டியிருந்த பழைய டேப்லெட்டில் தமிழ் எழுத்து எல்லாம் சிதறிப்போய், தலையில் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று திரை முழுக்க அதே இரண்டும் திரும்பத் திரும்ப வந்தன. பார்த்த உடனே புரிந்துவிட்டது, தமிழ்க் குறிகள் யூடிஎஃப்-8 என்ற எழுத்து முறையில் தலைக்கு மூன்று பைட், எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றேதான், எந்த முறையில் எழுதினது என்று நான் சொல்லாததால் டேப்லெட் ஒவ்வொரு பைட்டையும் ஒரு தனி எழுத்தாகப் படித்திருக்கிறது. கன்டென்ட்-டைப் வரியில் சார்செட் யூடிஎஃப்-8 என்று சேர்த்ததும் தமிழ் வந்தது. பத்து நிமிஷ வேலை.

அதே மூன்று பைட் அடுத்த நாள் என்னை மூன்று மணி நேரம் உட்கார வைத்தது. பதிலில் கன்டென்ட்-லெங்த், அதாவது பக்கத்தின் நீளத்தைச் சொல்வதுதான் நல்ல பழக்கம் என்று படித்துவிட்டு, பைதானில் நீளம் எண்ணும் லென் போட்டு அந்த எண்ணை ஹெடரில் வைத்தேன். கடையில் சோதித்தபோது ஆங்கிலத்தில் ஏதோ நாலு வரி வைத்துச் சோதித்தேன், சரியாக இருந்தது. ஆச்சி வீட்டில் உண்மையான பட்டியலை ஏற்றினால், பதினாலு ஆர்டரில் ஆறுதான் தெரிகிறது. ஏழாவதில் பாதி வார்த்தையில் நிற்கிறது, நின்ற இடத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம். அடுப்படியில் இருக்கும் அக்கா, "இன்னைக்கு ஆறே ஆறுதானா, அப்ப நான் மத்தியானமே கெளம்பிருவேன்" என்று சந்தோஷப்பட்டார்.

நான் முதலில் வைஃபையைத் திட்டினேன். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு இழைத்த சுவர், ஒன்றரை அடி கனம், இடையில் இப்படி எத்தனை சுவர், பாதியில் அறுந்திருக்கும் என்று. ஆனால் டேப்லெட்டை முகப்புக்குத் தூக்கிக்கொண்டு வந்து ரவுட்டருக்கு அடியில் வைத்தாலும் அதே ஆறு, அதே இடத்தில் வெட்டு. வைஃபை அறுந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே எழுத்தில் அறுக்காது. அங்கேதான் சந்தேகம் என் பக்கம் திரும்பியது.

லென் எண்ணுவது எழுத்துக் குறியை, ஹெடர் கேட்பது பைட்டை. தேன்குழல் என்று எழுதுங்கள். நம் கண்ணுக்கு அது ஐந்து எழுத்து. கம்ப்யூட்டர் கொம்பு, புள்ளி, சுழி எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதால் பைதான் அதை 9 என்று சொல்லும். ஆனால் கம்பி வழியாகப் போவது 27 பைட். என் பக்கம் மொத்தம் 2,200 குறிகள், அதில் 1,300 தமிழ், மீதி 900 ஆங்கிலத்தில் உள்ள டேக் முதலியவை. ஆகவே உண்மையான நீளம் 4,800 பைட். நான் 2,200 என்று சொல்லியிருக்கிறேன், பிரவுசர் 2,200 பைட் வரைக்கும் வாங்கிக்கொண்டு, முடிந்தது என்று கதவைச் சாத்திவிட்டது. அது செய்தது முழுக்க நியாயம். மூட்டையில் நாற்பத்தெட்டு கிலோ வைத்துவிட்டுச் சீட்டில் இருபத்திரண்டு என்று எழுதினவன் நான்.

சரிசெய்தது ஒரே வரி: முதலில் பக்கத்தை பைட்டாக மாற்று, பிறகு அந்த பைட்டுக்கு லென் போடு. வரிசை முக்கியம். தமிழில் எழுதுகிற யாராவது சாக்கெட்டில் கை வைத்தால் முதல் வாரத்திலேயே இதில் விழுவார்கள் என்று நினைக்கிறேன். ஆங்கிலம் மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இது வருஷக்கணக்கில் தெரியவே தெரியாது.

இதற்கிடையில் கொஞ்சம் எரிச்சலான விஷயம் ஒன்று. சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்டினால், முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வரும், ஒரு நிமிஷம் கழித்து ஓட்டினால் வராது. லினக்ஸ் மூடின இணைப்பைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்கும், பழைய பாக்கெட் ஏதாவது தாமதமாக வந்து புது இணைப்பில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. சாக்கெட்டில் முகவரியை மறுபடி பயன்படுத்தலாம் என்று ஓர் ஆப்ஷன் உண்டு, போட்டால் போதும்.

அடுத்தது, சர்வர் சும்மா இருக்கும்போதே நின்றுபோவது. காலையில் ஓட்டிவிட்டுப் போவேன், பத்து மணிக்கு அண்ணன் போன் செய்வார், "தம்பி, சுத்திக்கிட்டே இருக்கு". போய்ப் பார்த்தால் பிழை எதுவும் இல்லை, லாகில், அதாவது சர்வர் எழுதி வைக்கும் குறிப்பில், கடைசியாக யாரோ இணைந்தார்கள் என்று ஒரு வரி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அண்ணன் போனில் உள்ள பிரவுசரை மூடினால் உடனே உயிர் வருகிறது!

இதைக் கண்டுபிடித்தது தற்செயல். குரோம் மாதிரியான பிரவுசர்கள் எப்படியும் அடுத்து எதையாவது கேட்கப் போகிறோம் என்று முன்கூட்டியே ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்ளும், திறந்துவிட்டு ஒன்றும் கேட்காது. என் சர்வர் ஒற்றை ஆள். ஒரு இணைப்பு வந்தால் அவர் என்ன கேட்கிறார் என்று காதைக் கொடுத்துக் காத்திருக்கும், அவர் பேசுகிற வரைக்கும் அடுத்தவரைப் பார்க்காது. கடைக்கு ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து வாயே திறக்காமல் இருக்கிறார், கல்லாவில் இருக்கும் ஒரே பையன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது. பைதானோடு வருகிற சின்ன சர்வருக்கே இந்த வியாதி இருந்திருக்கிறது, 3.7 பதிப்பில்தான் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு த்ரெட், அதாவது தனி வேலையாள், போடுகிற வகையைச் சேர்த்திருக்கிறார்கள், பிரவுசர்கள் இப்படி முன்னாலேயே திறந்து வைப்பதைக் காரணமாகவும் எழுதியிருக்கிறார்கள். படித்ததும் மனசு லேசாகிவிட்டது, நான் மட்டும் முட்டாள் இல்லை. நானும் இணைப்புக்கு ஒரு த்ரெட் வைத்து, ஐந்து விநாடிக்குள் ஒன்றும் கேட்காவிட்டால் மூடிவிடு என்று எல்லையும் வைத்தேன்.

ஆயிரக்கணக்கில் இணைப்பு வருகிற இடத்தில் ஆளுக்கு ஒரு த்ரெட் என்பது கட்டுப்படியாகாது. 2004-இல் வெளிவந்த இகோர் சிசோயெவின் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் அதனால்தான் ஒரே ஆளை வைத்து, யார் பேசத் தயாராக இருக்கிறார்களோ அவர்களை மட்டும் கவனிக்கும் வழியில் போகிறது. ஆச்சி வீட்டில் மொத்தம் நாலு போன், ஒரு டேப்லெட். த்ரெட் போதும்.

இனி ஆர்டர் பதிவு. இங்கேதான் பணம் போனது.

எண் கொடுக்கும் கணக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் வரிசை எண் போடச் சொன்னேன், 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையாகவே வந்தது. அண்ணன் அதைச் சகுனம் மாதிரி எடுத்துக்கொண்டார். லாகைப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் பிரவுசர் இரண்டு கோரிக்கை அனுப்புகிறது, பக்கத்துக்கு ஒன்று, டேபில் தெரிகிற குட்டிப் படத்துக்கு ஒன்று. நான் பாதையைப் பார்க்காமல் எது வந்தாலும் எண்ணைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். பாதையைப் பார்த்துப் பிரித்து, குட்டிப் படம் கேட்டால் 404 என்று அனுப்பினதும் ஒற்றைப்படை நின்றது. 404 அனுப்புவதில் வெட்கம் ஒன்றும் இல்லை, இல்லாததை இல்லை என்று சொல்வதும் பதில்தான். முதல் வாரம் நான் எல்லாவற்றுக்கும் 200 என்று அனுப்பிக்கொண்டிருந்தேன், எடை போட மறந்தால்கூட 200 போட்டு உள்ளே "தவறு" என்று எழுதி அனுப்புவேன். மனிதர் படித்துக்கொள்வார், பிரவுசருக்குத் தெரியாது. இப்போது படிவம் சரியில்லாவிட்டால் 400, என் புரோகிராம் விழுந்தால் 500. இரவில் லாகைத் திறந்து 5-இல் தொடங்கும் எண்ணை மட்டும் தேடினால் என் தப்பு எத்தனை என்று தெரிந்துவிடும்.

பெரிய அடி புரட்டாசி கடைசியில். எச்டிஎம்எல் படிவத்தில் எந்த முறையில் அனுப்ப வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அது கெட் என்றே எடுத்துக்கொள்ளும். நான் சொல்லவில்லை. ஆகவே அண்ணன் ஆர்டரைத் தட்டினால் பெயர், பலகாரம், எடை எல்லாம் முகவரியிலேயே ஒட்டிக்கொண்டு போகும், சர்வர் அதைப் படித்துப் பட்டியலில் சேர்த்துவிடும். ஓடியது, பிரச்சினை இல்லை. ஒரு நாள் மாலை தேவகோட்டைக்குப் போக வேண்டிய ஐந்து கிலோ தேன்குழலைப் பதிந்துவிட்டு அண்ணன் போனைப் பையில் போட்டார். மறுநாள் காலை பிரவுசரைத் திறந்தார். அது நேற்று விட்ட டேபை மறுபடி ஏற்றியது. முகவரி அதே முகவரி. இன்னொரு ஐந்து கிலோ பட்டியலில் ஏறியது, அண்ணன் எதையும் தொடவில்லை.

அடுப்படியில் இரண்டு வரி தெரிந்தது, இரண்டுக்கும் போட்டார்கள்.

பிரவுசர் கெட் கோரிக்கையை இஷ்டத்துக்குத் திரும்பச் செய்யும். அதற்கு உரிமை உண்டு, ஏனென்றால் கெட் என்றால் பார்க்க மட்டும், எதையும் மாற்றக் கூடாது என்பதுதான் விதி. நான் அந்த விதியை மீறி அதில் ஆர்டர் வைத்தேன். ஆச்சியிடம் போய் மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. மிஞ்சின தேன்குழலை டின்னில் போட்டு மூடிவிட்டு, "இதை உன் கணக்குல எழுதிக்கிறேன் தம்பி" என்றார். பேரேட்டில் எழுதவும் செய்தார்.

அன்று இரவே போஸ்ட்டுக்கு, அதாவது எதையாவது பதியச் சொல்லி அனுப்பும் முறைக்கு, மாற்றினேன். போஸ்ட்டில் விவரம் முகவரியில் ஒட்டாது, காலி வரிக்குக் கீழே சரக்காக வரும். மாற்றினதும் புதுக் கோளாறு, சில ஆர்டர் பாதியில் வெட்டுப்பட்டு வந்தது. என் சாக்கெட்டை ஒரு தடவைக்கு 1,024 பைட் படிக்கச் சொல்லியிருந்தேன், ஒரே தடவை படித்துவிட்டு வேலையை ஆரம்பித்துவிடும். படிவத்தில் அனுப்பும்போது தமிழ் பைட் ஒவ்வொன்றும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக நீளும், அதனால் ஐந்தெழுத்துத் தேன்குழல் 81 எழுத்து. ஹெடர்களுக்கே ஐந்நூறு அறுநூறு போய்விடும், ஐந்து பலகாரம் சேர்ந்தால் 1,024 தாண்டிவிடும். அப்புறம், 1,024-க்குள் இருந்தாலும் ஹெடர் ஒரு துண்டாகவும் சரக்கு ஒரு துண்டாகவும் பின்னால் வரலாம். லேப்டாப்புக்குள்ளேயே சோதித்தால் இரண்டும் சேர்ந்தே வந்துவிடுகிறது, இரண்டாங்கட்டில் நின்று அனுப்பினால் பிரிந்து வருகிறது. சாக்கெட் என்பது குழாய், அதில் தண்ணீர் எத்தனை சொம்பாக வரும் என்று அது உத்தரவாதம் தராது. காலி வரி வரும் வரைக்கும் திரும்பத் திரும்பப் படி, அதில் கன்டென்ட்-லெங்த் எவ்வளவு என்று பார், அத்தனை பைட் சேரும் வரைக்கும் மேலும் படி. பதில் அனுப்பும்போது நான் தப்பாகச் சொன்ன அதே எண்ணை, இப்போது எதிர்ப்பக்கம் சரியாகச் சொல்லியும் நான் படிக்கவில்லை.

போஸ்ட் பதிவானதும் அதே இடத்திலேயே "பதிவானது" என்று பக்கம் காட்டினால், அதை ரீலோட் செய்யும்போது மறுபடி அனுப்பலாமா என்று பிரவுசர் கேட்கும். கேட்டால் நம்மவர்கள் ஓகேதான் தட்டுவார்கள். அதற்கு வழி 303. ஆர்டரைப் பதிந்ததும் பக்கம் எதுவும் அனுப்பாமல், 303 என்று எண் போட்டு, லொக்கேஷன் ஹெடரில் பட்டியல் பக்கத்தின் பாதையைச் சொல்லி அனுப்பிவிட வேண்டும். பிரவுசர் தானாகவே அந்தப் பாதையை கெட் முறையில் கேட்கும். இனி எத்தனை தடவை ரீலோட் செய்தாலும் பட்டியல்தான் திரும்ப வரும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு ஓட்டை பாக்கி. அண்ணன் வளவில் நடந்துகொண்டே பதிகிறார், கோரிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது, சர்வர் எழுதியும்விட்டது, ஆனால் பதில் திரும்பி வருவதற்குள் அவர் சுவருக்குப் பின்னால் போய்விட்டார். போனில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் என்ன செய்வார்? மறுபடி தட்டுவார். நானாக இருந்தாலும் தட்டுவேன். பதில் வராததற்கு, வேலை நடக்கவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம், வேலை நடந்து சேதி மட்டும் வரவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். போனில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சர்வருக்கும் இந்தக் கோரிக்கை போன கோரிக்கையின் மறுபதிப்பு என்று தெரியாது, அதற்கு ஒவ்வொன்றும் புது ஆள்.

ஆகவே ஒவ்வொரு படிவத்தையும் அனுப்பும்போதே அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டு எண்ணை வைத்து அனுப்பினேன். திரும்பி வரும்போது அந்த எண் ஏற்கெனவே பதிவில் இருந்தால் புது வரி எழுதாதே, முன்பு அனுப்பின அதே 303-ஐத் திரும்ப அனுப்பு, லாகில் மட்டும் ஒரு வரி எழுதி வை. பதிவை எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸில் வைத்திருப்பதால் அந்தச் சீட்டு எண் இரண்டு தடவை வரக் கூடாது என்று டேபிளிலேயே சொல்லிவிட்டேன், இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் வந்து மோதினாலும் ஒன்றுதான் உள்ளே போகும். மொத்தப் புரோகிராமில் இந்தப் பத்து வரிதான் எனக்குப் பெருமை.

கேஷ், அதாவது பிரவுசர் பழைய பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்வது, பற்றிச் சுருக்கமாக. பின்னால் போகும் பட்டனைத் தட்டினால் பழைய பட்டியல் தெரிகிறது என்று அக்கா சொன்னார், பட்டியலுக்கு மட்டும் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் நோ-ஸ்டோர் போட்டேன். நோ-கேஷ் என்று இன்னொன்று இருக்கிறது, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது சேமித்துக்கொள், ஆனால் காட்டுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேள் என்கிற அர்த்தம். யார் வைத்த பெயரோ. பலகாரப் படங்களுக்கு அது சரி, மாறவில்லை என்றால் 304 என்று ஒரு வரி அனுப்பினால் போதும், படத்தைத் திரும்ப அனுப்ப வேண்டியதில்லை.

ஐப்பசி பிறந்ததும் முன்னால் என்ஜின்எக்ஸை நிற்க வைத்து, என் புரோகிராமை அதற்குப் பின்னால் வைத்தேன். அது 80-இல் நிற்பதால் போர்ட் எண்ணைத் தட்ட வேண்டாம், அடுப்படிச் சுவரில் சாக்பீஸால் 192.168.1.20 என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். படங்களை அதுவே கொடுத்துவிடும். முதலில் எல்லாப் படத்துக்கும் 403 வந்தது, படம் என் ஹோம் ஃபோல்டருக்குள் இருந்ததுதான் காரணம், என்ஜின்எக்ஸ் வேறு யூசராக ஓடுகிறது, அந்த ஃபோல்டருக்குள் நுழையவே அதற்கு அனுமதி இல்லை. வேறு இடத்துக்கு மாற்றினேன். இன்னொரு நாள் ஆச்சியின் பேத்தி அதிரசத்தைப் புதுப் போனில் படம் எடுத்து ஏற்றப் பார்த்தாள், 413. என்ஜின்எக்ஸ் சும்மா விட்டால் ஒரு எம்பிக்கு மேல் சரக்கு வாங்காது, எல்லையைக் கூட்டினேன். 502 வந்தால் என் புரோகிராம் விழுந்து கிடக்கிறது, 504 வந்தால் உயிரோடு இருக்கிறது, ஆனால் பதில் சொல்ல நேரமாகிறது. போனிலேயே அண்ணனிடம் எண்ணைக் கேட்டுவிட்டால் கடையிலிருந்து கிளம்பும் முன்பே எதில் கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

வைஃபைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. 5 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிட்டு 2.4 மட்டும் வைத்தேன், கனச் சுவரைத் தாண்டுவதில் அது பரவாயில்லை. வளவைத் தாண்டி ஒரு கேபிள் இழுத்து இரண்டாங்கட்டில் இன்னொரு பெட்டி வைக்கலாம் என்றேன். தேக்கு நிலையில் ஆணி அடிக்க ஆச்சி விடமாட்டேன் என்றுவிட்டார், நியாயம்தான்.

தீபாவளி முடிந்த மறுநாள் லாகைத் திறந்து உட்கார்ந்தேன். கடைசிப் பத்து நாளில் ஒரே சீட்டு எண் இரண்டாவது தடவை வந்தது பதினொரு முறை. எல்லாம் அண்ணன் வளவில் நடந்துகொண்டு தட்டினவையாகத்தான் இருக்கும். இதை ஆச்சியிடம் சொன்னேன், இந்தப் பதினொன்றும் போன மாதிரி இரண்டு தடவை ஏறியிருக்கும் என்று. "எத்தனை கிலோ வருது?" என்று கேட்டார். கூட்டிப் பார்த்து முப்பத்தி நாலரை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். பேரேட்டை எடுத்து என் பக்கத்தைப் புரட்டினார், அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஐந்து கிலோவுக்கு நேராகத் தேதி விட்டுப்போயிருந்தது, அதை எழுதிவிட்டு மூடினார்.